திருப்பிப் பிடித்த கிட்டார்
அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த எலிசபெத் காட்டன் இடக்கைக்காரர். அண்ணன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவருடைய பான்ஜோவை எடுத்து வாசித்துப் பழகிய சிறுமி. பிறகு வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் சொந்தமாக ஒரு கிட்டார் வாங்கினார். விலை 3 டாலர் 75 சென்ட். சொல்லித்தர ஆளில்லை. வலக்கைக்காரர்களுக்கான அந்தக் கிட்டாரின் தந்திகளை மாற்றிக் கட்டாமல், அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கட்டைவிரலால் மீட்டும் கனத்த தந்திகளை இவர் மற்ற விரல்களால் மீட்டினார்; மெல்லிய தந்திகளில் மெட்டு வாசித்ததோ கட்டைவிரல்! 'ஃபிரெய்ட் டிரெயின்' என்ற புகழ்பெற்ற பாட்டு அந்தச் சின்ன வயதிலேயே பிறந்ததுதான். இவருடைய வாசிப்பு முறைக்கு இன்று 'காட்டன் பிக்கிங்' என்றே பெயர்.