தொலைவிலிருந்து பணியாற்றும் வக்கீல் குமாஸ்தா

வக்கீல் குமாஸ்தா என்றதும், வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு நீதிமன்றத் தாழ்வாரத்தில் விரையும் ஒருவரே நம் நினைவுக்கு வருவார். இன்றோ, டில்லியில் இரண்டு மூன்று வக்கீல்கள் நடத்தும் சிறிய அலுவலகத்துக்கு, நாகபுரியில் தம் இல்லத்திலிருந்தே ஒருவர் கணினி வழியாகக் குமாஸ்தாப் பணி புரிய இயலும். அங்ஙனம் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் எதனைக் கற்பிப்பது?

மனு தயாரிக்கும் முறையும் வாய்தாக் குறிப்பும் பிறகு வரலாம். முதற்பாடம் இரகசியக் காப்பேயாகும். கட்சிக்காரர் தொழில் முறையில் தம்மிடம் கூறியதை, அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வக்கீல் வெளியிடலாகாது. குற்றச்செயலுக்குத் துணைசெய்யும் பேச்சுக்கு இப்பாதுகாப்பு இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இக்கடமையை வக்கீலின் குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாக்கிற்று. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமும் 132-ஆம் பிரிவில் அவ்வாறே விதிக்கிறது.

அலுவலகத்தில் பூட்டிய அலமாரி காத்ததை, வீட்டில் பழக்கமே காத்தல் வேண்டும். ஆகவே, புதியவருக்கெனத் தனிக் கடவுச்சொல் அளித்து, அவர் கவனிக்கும் வழக்குகளின் பத்திரங்களை மட்டும் திறந்துவிடுதல் நலம். குடும்பத்தார் கையாளும் கணினியில் அவற்றைச் சேமிக்கலாகாது. ஐயம் எழுந்தால் எவரை, எந்நேரத்தில் வினவுவதென்பதை முதல் நாளே வரையறுத்துவிட வேண்டும். அடுத்த மேசையில் கேட்க அவருக்கு ஆளில்லை அல்லவா?

வெளிமாநில நகரங்களில் நம்மவர் ஒருவரையொருவர் நன்கறிவர். தமிழ்ச் சங்க விழாவில் நழுவிய ஒரு சொல், மறுநாளே எதிர்க்கட்சிக்காரரின் செவிக்கு எட்டக்கூடும். எனவே, வேலையைக் கற்பிக்குமுன் வாய்க்காவலைக் கற்பிப்பதே முறை.