லாரி ஓட்டுநரின் உடற்தகுதிச் சான்று: படிவம் கேட்காத கேள்விகள்

கரும்பு அரைவைக் காலத்தில் கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நோக்கி இரவெல்லாம் லாரிகள் செல்கின்றன. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய வண்டிகள் வெள்ளிமலைச் சாலையின் வளைவுகளில் இறங்குகின்றன. சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலைக்கு ஓய்வே இல்லை. இவ்வண்டிகளை ஓட்டுவோர் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலத்தில் மருத்துவரிடம் வந்து, "ஒரு கையெழுத்து மட்டும் போதும், சார்" என்பார்கள்.

அவ்வாறு வந்த ஒருவரைப் பற்றி, அவருடைய ஒப்புதலுடனும் அடையாளங்களை மாற்றியும் இங்கு எழுதுகிறேன். வயது 46. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லாரி ஓட்டுபவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர். கண், காது, கை, கால் அனைத்தும் சரியாக இருந்தன. நான் பேனாவை எடுத்துவிட்டேன். அப்போது உடன் வந்திருந்த மனைவி தயங்கியபடி, "ராத்திரி குறட்டை விடுறப்ப இவருக்கு மூச்சே நின்னுடுது சார். நான்தான் தட்டி எழுப்புறேன்" என்றார். "அதெல்லாம் இப்ப எதுக்குச் சொல்ற?" என்று கணவர் சினந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் என்னால் கையெழுத்திட இயலவில்லை.

படிவத்தில் இருப்பவை

போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கான உரிமத்துக்கு இரு படிவங்கள் உள்ளன. படிவம் 1 ஓட்டுநரே அளிக்கும் உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்பதை அதில் அவரே தெரிவிக்க வேண்டும். படிவம் 1-ஏ மருத்துவர் நேரில் பரிசோதித்துத் தரும் சான்று. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண்பலகையைப் படிக்க முடிகிறதா, வழக்கமான ஒலிக்குறிகள் கேட்கின்றனவா, மாலைக்கண் உண்டா, நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா, கைகால்களில் குறை உண்டா என்பவை அதிலுள்ள கேள்விகள். இலேசான, நடுத்தர நிறக்குறைபாடு உள்ளவர்களும் உரிமம் பெறும்படி 2020-இல் விதி தளர்த்தப்பட்டது.

இவை தேவையான கேள்விகளே. ஆயினும் உறக்கத்தைப் பற்றியோ, இரத்தச் சர்க்கரையைப் பற்றியோ தனிக்கேள்வி அதில் இல்லை. மேலும், 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின் இவ்வுரிமம் 5 ஆண்டுகளுக்கும், அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு 3 ஆண்டுகளுக்கும் செல்லுபடியாகும். ஒரு நாள் பார்த்த உடல் ஐந்தாண்டுகளும் அப்படியே இருப்பதில்லை. படிவம் கேட்காதவற்றை ஓட்டுநரும் குடும்பத்தாரும் சொன்னால்தான் மருத்துவர் அறிய முடியும்.

உறக்கத்தில் மூச்சுத் தடை

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுகிறது. மூச்சு சில நொடிகள் நின்று, திணறலுடன் மீள்கிறது. ஓர் இரவில் இது பலமுறை நிகழலாம். படுக்கையில் எட்டு மணி நேரம் கழித்தவரும் உறங்காதவரைப் போலவே எழுகிறார். பகலில் கண் சொருகுகிறது. உடற்பருமன், தடித்த கழுத்து, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் இது மிகுதி. தனக்கு இது இருப்பது நோயாளிக்குத் தெரியாமலே இருக்கலாம். அருகில் உறங்குபவருக்குத் தெரியும்.

சர்க்கரை குறையும்போது

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், உணவு தவறினால் சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைத்துவிடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இது அரிது. காலையில் மாத்திரை, பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பாடு என்பது லாரி ஓட்டுநர்களின் வழக்கம். வியர்வையும் நடுக்கமும் தோன்றும், பார்வை மங்கும், பின்னர் குழப்பம் வரும். வண்டியை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் அறிவே அப்போது மழுங்கிவிடுகிறது. இதற்கு அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோரும் உண்டு. அவர்களுக்குச் சர்க்கரை ஏறிப் பார்வை மங்குகிறது; காலப்போக்கில் விழித்திரை கெடுகிறது.

மறைப்பது ஏன்?

வேலை போய்விடும் என்னும் அச்சமே காரணம். அந்த அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். மேலே குறிப்பிட்டவருக்கு உறக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை உறுதியானது. இரவில் முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். சர்க்கரை மாத்திரையும் மாற்றப்பட்டது. ஏழு வாரங்களுக்குப் பின் பகல் உறக்கம் நீங்கி வந்தார், கையெழுத்திட்டேன். இடையில் வருமானம் நின்றது. வண்டிக் கடனில் ஒரு தவணை தவறியது. ஆனால் அவர் தொழிலை இழக்கவில்லை.

எல்லோருக்கும் இவ்வாறு முடிவதில்லை. வலிப்பு நோய் உள்ளவருக்குக் கனரக வண்டி ஓட்டச் சான்றளிக்க இயலாது. பிரிட்டனில், மருந்தின்றியும் வலிப்பின்றியும் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே லாரி ஓட்ட அனுமதிக்கிறார்கள். அத்தகையவருடன் மாற்றுத் தொழில் குறித்துப் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வண்டி ஓட்டத் தகுதியற்ற உடல்நிலை என்று தெரிந்தே பொது இடத்தில் ஓட்டுவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• உரிமம் முடிவடைவதற்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். குறை இருந்தால் சரிசெய்யக் காலம் கிடைக்கும்.

• கண்ணாடி, உட்கொள்ளும் மாத்திரைகள், அண்மைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றுடன் வாருங்கள். இயன்றால் வீட்டாரையும் அழைத்து வாருங்கள்.

• சர்க்கரை குறையக்கூடிய மருந்து உட்கொள்பவர்கள் புறப்படும் முன்பும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளந்து பாருங்கள். 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் முதலில் சாப்பிடுங்கள். 70-க்குக் கீழ் இறங்கினால் வண்டியை நிறுத்தி, சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொள்ளுங்கள். அளவு சீரான பின்னரும் 45 நிமிடங்கள் ஓட்டாதீர்கள்.

• சளி, அரிப்புக்கான சில மாத்திரைகள் உறக்கம் தரும். கடையில் வாங்கும்போது ஓட்டுநர் என்று சொல்லிக் கேளுங்கள்.

கணவரோ, தந்தையோ, மகனோ லாரி ஓட்டுபவராக இருந்தால், அவர் உறங்கும் விதத்தை ஓரிரவு கவனியுங்கள். கண்டதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அன்று அவர் சினந்தாலும் பரவாயில்லை.