பாலுக்கும் ஓர் உரைகல்

வங்கியில் நகைக்கடன் கேட்டு யார் வந்தாலும், தெரிஞ்சவர்தானே என்று விட்டுவிட மாட்டோம். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. ஓய்வுபெற்று, திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் நாலு கறவை மாடும் கொஞ்சம் மல்லாட்டையுமாக இருக்கிற என்னிடம், டவுனில் பால் வாங்கும் ஒரு அம்மா கேட்டார்: "இயற்கைப் பால்னு சொல்றீங்க சார், எதை வெச்சு நம்பறது?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

தேடியபோது கிடைத்தது, சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் அறிவித்த ஒரு காகிதக் கருவி. பேராசிரியர் பல்லப் சின்ஹா மகாபாத்ரா குழுவினர் உருவாக்கியது. ஒரு மில்லி பால் போதும், 30 விநாடியில் முடிவு. யூரியா, டிடர்ஜென்ட், சோப்பு, ஸ்டார்ச், ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, உப்பு என்று ஏழு கலப்படங்களைக் காட்டும்.

எப்படி? நம்ம ஊர் கார்த்திகை தீபத்தை நினைச்சுப் பாருங்க. மலை உச்சிக் கொப்பரையில் இருக்கிற நெய்யை மேலே ஏற்றுவது காடாத் துணித் திரியின் இழைகளுக்கு நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளிகள்தான். மோட்டார் இல்லை, பம்பும் இல்லை. வடிதாளும் அப்படியே பாலை இழுத்துக்கொள்ளும். தாளில் ஏற்கெனவே காய வைத்த ரசாயனத்தைப் பால் தொட்டதும், கலப்படம் இருந்தால் நிறம் மாறும். முடி அளவு வாய்க்காலில் சொட்டுத் திரவத்தை ஓடவிட்டுச் சோதிக்கும் இந்தத் துறைக்கு மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று பெயர். சர்க்கரை பார்க்க ரத்தச் சொட்டை உறிஞ்சும் பட்டையும் இந்த வகைதான். ஒற்றைச் செல்லையும் பாக்டீரியாவையும்கூட இப்படி ஓடவிட்டு ஆராய்கிறார்கள்.

ஏழில் ஒன்றை வீட்டிலேயே பார்க்கலாம். காய்ச்சி ஆறவைத்த பாலில் இரண்டு மூன்று சொட்டு அயோடின் டிஞ்சர் விடுங்க. நீலமானால் மாவு கலந்திருக்கு.

இங்கேதான் எனக்கு ஒரு அதிர்ச்சி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. ஆபத்தான கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பை மீறி இருந்தது. அதில் தமிழ்நாட்டு மாதிரிகள் 88.

இதை யாரும் பாலில் ஊற்றவில்லை. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு, மக்காச்சோளம் வழியாக மாட்டின் வயிற்றுக்குள் போய், ஒரே நாளில் மடியில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. நாம ரசாயனம் தொடாத உழவர்தான். பூஞ்சணம் சான்றிதழ் பார்த்து வருவதில்லையே! மல்லாட்டை விளையும் மாவட்டத்துக்காரர்கள் நாம் இதில் கூடுதல் கவனமா இருக்கணும்.

செய்ய வேண்டியது இதுதான். மல்லாட்டையைக் குலுக்கினால் சத்தம் வரும்வரை காய வையுங்க. சொத்தை, உடைந்த பருப்பைச் செக்குக்கு அனுப்பாதீங்க. பிண்ணாக்கு மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் ஒட்டாமல், பலகை மேல் அடுக்குங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொஞ்சமாக வாங்கி சீக்கிரம் தீர்த்துடுங்க. பூஞ்சண வாடை வந்தால் மாட்டுக்கு வேண்டாம். தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் பாலில் நச்சு இறங்கிவிடும். எம்1-ஐக் காட்டும் சோதனைப் பட்டைகளும் உண்டு. தனியாளுக்குச் செலவு அதிகம் என்றால் பத்து உழவர் சேர்ந்து வாங்கலாம்.

அந்த அம்மாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் பிண்ணாக்கு அறையைத்தான் திறந்து காட்டினேன். ஒரு மூட்டையின் அடியில் கைவைத்துப் பார்த்தார். லேசான ஈரம். அன்னைக்கே பலகை வாங்கி வந்தேன்.