கன்று வளர்ச்சியும் கொழுப்புத் தீவனமும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியதால் மேய்ச்சல் தரை குறுகிவிட்டது. ஆகவே வயல் வைக்கோலும், விலைக்கு வாங்கும் தீவனமுமே கன்றுகளுக்கு ஆதாரமாகின்றன. கடன் பெற்றுக் கன்று வளர்க்கும் அங்கத்தினர்கள் தீவனத்திலுள்ள கொழுப்பையும், அதில் சேர்க்கப்படும் துணைப்பொருள்களையும் பற்றி அறிந்திருத்தல் அவசியம்.

கொழுப்பு, மாவுச்சத்தைப் போல் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு எரிசக்தி தருவது. எனினும் அளவு மிஞ்சினால் அது கேடே செய்யும். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே வைக்கோலின் நாரைச் செரிக்கச் செய்கின்றன. தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கைத் தாண்டினால், அந்நுண்ணுயிர்களின் வேலை தடைப்படும். கன்று தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், சாணம் இளகும், வைக்கோலின் சத்தும் வீணாகும்.

செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 7, 8 பங்கு எண்ணெய் தங்கும். கரைப்பான் முறையில் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் சுமார் 1 பங்கே இருக்கும். ஆனால் இதில் புரதம் கூடுதல். தசை வளர்ச்சிக்கு வேண்டுவது புரதமாதலால், இதனைச் சக்கையென்று ஒதுக்கலாகாது. நமது தறிக்கு நூல் தரும் பருத்தியின் கொட்டையில் எண்ணெய் மிகுதி. ஆயினும் அதிலுள்ள காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் இளங்கன்றுக்கு ஆகாது.

பிண்ணாக்கை ஈரத்தில் வைத்தால் பூசணம் பிடிக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை உண்ட கடலைப் பிண்ணாக்கிலிருந்த பூசண நஞ்சே அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அஃப்லாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு கன்றின் ஈரலையும் கெடுக்கும். பூசணம் பிடித்த மூட்டையை விலை கருதி வாங்குவது நஷ்டமே.

துணைப்பொருள்களில் முதன்மையானது தாது உப்புக் கலவை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இதனைத் தயாரித்து வழங்குகிறது. யூரியாவோ மிகுந்த எச்சரிக்கைக்குரியது. அதனை நன்கு கலவாமல் கொடுத்தாலும், நீரில் கரைத்துக் குடிக்க வைத்தாலும், இரைப்பையில் அம்மோனியா பெருகி மாடு சில மணி நேரத்தில் இறக்கக்கூடும். இளங்கன்றுக்கு அதனை அறவே கொடுக்கலாகாது. வளர்ச்சிக்கென்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2006-இல் முற்றும் தடுத்தது. நம் நாட்டிலும் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பது 2019-இல் தடை செய்யப்பட்டது. மனித உயிரைக் காக்கும் மருந்து பயனற்றுப் போகாமலிருக்கவே இத்தடைகள்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன மூன்று. தீவனத்தை மொத்தமாகக் கொள்முதல் செய்தல்; மூட்டையில் குறித்துள்ள புரத, கொழுப்பு அளவுகளைப் பார்த்து, மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்தல்; ஒவ்வொரு கன்றின் மார்புச் சுற்றளவையும் மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் எழுதுதல். அளவு ஏறாத மாதத்தில், தீவனத்தை மேலும் கூட்டுமுன் கால்நடை மருத்துவரிடம் கன்றைக் காட்டுக. கடன் தவணைக்குரிய பணம் வீணே தீவனக் கடைக்குப் போகாமல் காக்க இதுவே வழி.