கொப்பரையில் பதம் பார்க்கும் கண்

பொங்கலை ஒட்டிய நாட்களில் சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர்ப் பக்கம் போனால், கொட்டகையைப் பார்க்கும் முன்பே பாகு வாசனை வந்துவிடும். வெல்லம் காய்ச்சும் காலம் அது. அங்கே தெலுங்கில் பெல்லம் என்பார்கள். சித்தூர்ச் சந்தையின் பெயரோடு ஒட்டிப்போன சரக்கு இது.

இதேபோல் கனடாவின் கியூபெக்கிலும் குளிர்காலம் முடியும் தறுவாயில் குடும்பம் குடும்பமாக மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு இறக்கிக் காய்ச்சுவார்கள். அந்தச் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். நம் கரும்புச் சாற்றிலோ 16 முதல் 20 சதவீதம் வரை இனிப்பு. நூறு கிலோ கரும்பு பத்துக் கிலோ வெல்லம் தந்துவிடும்.

ஆனால் கரும்பு காத்திருக்காது. வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலையில் கொடுத்துவிட வேண்டும். கிடக்கக் கிடக்க அதிலுள்ள சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துபோகும். அப்படிப்பட்ட சாறு எவ்வளவு காய்ந்தாலும் இறுகாமல் பிசுபிசுக்கும்.

பிழிந்த சாறு அகன்ற இரும்புக் கொப்பரைக்குப் போகிறது. அடுப்புக்கு விறகு தேடி அலைய வேண்டியதில்லை, காய்ந்த கரும்புச் சக்கையே போதும். சாற்றின் புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு விடுகிறார்கள். கை மிஞ்சினால் வெல்லம் கறுத்துவிடும். அழுக்கை எடுக்க வெண்டைச் செடித் தண்டை நசுக்கி ஊறவைத்த வழவழ நீரை ஊற்றுவது பழைய வழக்கம். அந்தக் கொழகொழப்பு சாற்றில் கலங்கிக் கிடக்கும் கசடைப் பிடித்துக்கொண்டு மேலே வர, சல்லடைக் கரண்டியால் அள்ளிக் கொட்டுகிறார்கள். பொங்கி வழியப் பார்த்தால் சில சொட்டு எண்ணெய். நுரை சட்டென்று படுத்துவிடும்.

தண்ணீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறும். மேப்பிள் பாகு 104 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கிவிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நீர் இருப்பதால் பாகாகவே நிற்கும். வெல்லத்துக்கு 118 டிகிரி அளவுக்குப் போயாக வேண்டும். பல கொட்டகைகளில் வெப்பமானி கிடையாது. குமிழி சின்னதாகி, பாகு கனத்துப் புரளும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டுகிறார் பெரியவர். உருண்டை நசுங்கினால், “இன்னும் ஒரு கொதி வரட்டும்டா” என்று மகனிடம் சொல்வார். சட்டியில் போட்டதும் ‘டங்’கென்று ஒலித்தால் கொப்பரையை இறக்க வேண்டியதுதான். அரை நிமிடம் தாமதித்தாலும் தீய்ந்த வாடை ஒட்டிக்கொள்ளும். அந்த விரலின் அறிவு அப்பாவிடமிருந்து மகனுக்குக் கொப்பரை ஓரத்தில் நின்றுதான் வருகிறது.

மஞ்சள் வெல்லத்துக்கு நாம் கூடுதல் விலை கொடுப்பதால்தான் சிலர் ‘ஹைட்ரோஸ்’ என்னும் வெளுப்பு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அந்த நிறமும் நிற்காது, நாள் போகப் போக மங்கும். கந்தகம் மட்டும் உள்ளே தங்கிவிடும். கடையில் பழுப்பு வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பாகைத் தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் அச்சிலோ உருண்டையாகவோ பிடித்துவிடுவார்கள். கொப்பரை ஓரத்தில் ஒட்டிய மிச்சம் பிள்ளைகளுக்கு. கியூபெக்கில் சூடான பாகைப் பனிமேல் ஊற்றிக் குச்சியில் சுற்றிக் கொடுப்பார்கள். இங்கே கரும்புத் துண்டைத் தோய்த்து, ஊதி ஊதிக் கடிக்கிறார்கள்.