விற்றுத் தருகிறேன் என்பவருக்கு முன்பணம் எதற்கு?

அடுத்த வருஷத்துப் பராமரிப்புக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் செலுத்தாவிட்டால் தாமதக் கட்டணமும் சேரும் என்று விடுதி நிர்வாகங்கள் அனுப்பும் பில்கள் வீடுதோறும் வந்து விழ, அவற்றைக் கண்டு மனம் நொந்த வாசகர்கள், வருஷக்கணக்கில் போய்த் தங்காத அந்த டைம்ஷேர் ஒப்பந்தத்தை எவர் தலையிலாவது கட்டிவிட வழியுண்டா, தரகர் மூலம் விற்பது நல்லதா, நாமே விற்பது நல்லதா என்று எழுதிக் கேட்கிறார்கள். டைம்ஷேர் இன்னதென்று இங்கே விளக்கப் போவதில்லை; வாங்கியவர்களுக்கு அது வேண்டிய மட்டும் விளங்கியிருக்கிறது, வாங்காத பாக்கியவான்களுக்கு அந்த ஞானம் அவசியமில்லை. கடிதங்களில் ஒரு குழப்பம் மட்டும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: சட்டம் ஐந்து நாள் அவகாசம் தருகிறதாமே, தரகரிடம் கட்டிய பணத்தை அதைக் காட்டித் திரும்ப வாங்கிவிடலாம் அல்லவா? வாங்கலாம், அந்த ஐந்து நாளுக்குள் உங்களுக்குச் சந்தேகம் பிறந்தால்.

சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்கீழ் 2009ல் பிறப்பிக்கப்பட்ட ஒப்பந்த ரத்து விதிகளின்படி, டைம்ஷேர் ஒப்பந்தத்திலோ, நீண்டகால விடுமுறைத் திட்டத்திலோ, டைம்ஷேருடன் தொடர்புடைய ஒப்பந்தத்திலோ கையெழுத்திட்டவர், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாளுக்குள் எழுத்து மூலம் அறிவித்து அதை ரத்துச் செய்துகொள்ளலாம். விற்றுத் தரும் தரகரின் ஒப்பந்தத்தையும் அந்த மூன்றாவது வகுப்பில் வைத்து உரிமை கோருவதே நியாயம். அதிகாரிகள் இந்த ஐந்து நாளைப் பயனீட்டாளருக்குக் கிடைத்த பெரும் கவசமாக வர்ணிப்பது வழக்கம். ஆர்ச்சர்ட் சாலையில் சுரண்டல் சீட்டு ஒன்றைக் கையில் திணித்து, பரிசு விழுந்தது என்று சொல்லி, குளிரூட்டப்பட்ட அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கும் விற்பனைக்கு அது கவசந்தான். வீட்டுக்கு வந்து, ஒரு வாய் சாப்பிட்டு, மனைவியிடமோ கணவரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு புத்தி தெளிவதற்கு ஐந்து நாள் தாராளம். ஆனால் மறுவிற்பனைத் தரகர் உங்கள் அவசரத்தை நம்பித் தொழில் நடத்துபவரல்லர். உங்கள் பொறுமையை நம்பி நடத்துபவர்.

சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அலுவலகத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பிரதியை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். ஜகார்த்தாவில் ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்காக இத்தகைய டைம்ஷேர் வாரங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டிருக்கிறது, நீங்கள் கொடுத்த விலைக்கு மேலேயே கிடைக்கும், பதிவுக்கும் விளம்பரத்துக்கும் மட்டும் 1,800 வெள்ளி கட்டினால் போதும் என்று தொலைபேசியில் சொல்லப்பட்ட கதை எதுவும் அந்தத் தாளில் இல்லை. இருப்பது வேறு: விற்பனைக்குத் தம்மாலான முயற்சி செய்யப்படும், விற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது, ஒப்பந்தக் காலம் 180 நாள், இத்தாளில் எழுதப்படாத வாய்மொழி எதுவும் ஒப்பந்தத்தில் சேராது. கடைசி வாசகம் பொடி எழுத்தில், கையொப்பக் கோட்டுக்கு நேர்மேலே.

இதன் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தரகரின் வரும்படி விற்பனையிலிருந்து வரவில்லை, பதிவிலிருந்து வருகிறது. ஆகவே அவருக்கு வாங்குகிறவன் ஒருவனும் தேவையில்லை, விற்க வருகிறவர்கள் பெருகினால் போதும். விற்க வந்த நீங்களே அங்கே சரக்கு. ஆறு மாதம் கழித்துத்தான் விற்கவில்லை என்பது தெரியவரும் ஒரு காரியத்துக்கு ஐந்து நாளில் மனம் மாறும் உரிமை கொடுப்பதால் என்ன பிரயோஜனம்? ஆறாம் நாள் முதல் மௌனமே அவருக்கு லாபம். அந்த மௌனம் கலையும்போதெல்லாம், வாங்குபவரின் வழக்கறிஞர் ஊரில் இல்லை, வரிப் பத்திரம் ஒன்று பாக்கி, அதற்கு ஒரு சிறு தொகை என்று புதிதாக ஒரு காரணம் வரும். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் முறையிடக் காலக்கெடு இரண்டு வருஷம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் காரணங்களை வரிசையாகப் படித்தால், ஒவ்வொன்றும் அந்தக் கெடுவிலிருந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போவது தெரியும். இதைவிடக் கொடியதும் உண்டு: உங்கள் ஒரு வாரத்தை மட்டும் வாங்க ஆளில்லை, கூடச் சில டைம்ஷேர் புள்ளிகளைச் சேர்த்துப் பெரிய பொட்டலமாக்கினால் உடனே போய்விடும் என்று சொல்ல, விற்கப் போனவர் இன்னொரு டைம்ஷேரை வாங்கிக்கொண்டு வெளியே வருவார்.

ஐரோப்பிய ஒன்றியத்தார் 2009ஆம் வருஷத்து டைம்ஷேர் ஆணையில் இந்த யுக்தியின் வேரைப் பிடித்தார்கள். மனம் மாற அங்கே 14 நாள் உண்டு. அது பெரிய விசேஷமன்று. விற்பனை உண்மையாகவே நடந்து முடியும்வரை மறுவிற்பனைத் தரகர் முன்பணமோ, ஈடோ, கணக்கில் தொகையை நிறுத்திவைத்தலோ எதையும் கேட்கக்கூடாது என்று எழுதியதுதான் விசேஷம். நாள்களை எண்ணிக் கொடுப்பதைவிட இது காரியசாதகம் என்பது என் அபிப்பிராயம். முன்பணத்தின் ருசி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு மெக்சிகோ சாட்சி: அங்கே ஹாலிஸ்கோ போதைப்பொருள் கும்பலே இத்தொழிலில் இறங்கியிருக்கிறது; அந்நாட்டு டைம்ஷேர் மோசடிகளில் 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் 30 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக இழந்ததாகப் புகார் செய்திருப்பதாக அமெரிக்க அரசு 2024 ஜூலையில் அறிவித்தது.

ஆகையால் தரகர் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அவருக்கு எப்போது பணம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பெயர் மாற்றம் முடிந்து, வந்த விலையிலிருந்து தன் கமிஷனை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற தரகர் கிடைத்தால் தாராளமாக அமர்த்திக்கொள்ளலாம். கிடைப்பது அருமை. தரகரின்றி விற்பதற்கு, முதலில் விடுதி நிர்வாகத்துக்கே எழுதுங்கள்: திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, இல்லையெனில் பெயர் மாற்றத்துக்குக் கட்டணம் எவ்வளவு, பாக்கி ஏதாவது உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறகு கரோசல் இணையச் சந்தையில் விளம்பரம் போடலாம். விலை விஷயத்தில் ஆசை வேண்டாம். நிர்வாகமே புதிதாக விற்றுக்கொண்டிருக்கும் வஸ்துவைப் பழையதாக நம்மிடம் வாங்க வருபவர், நாம் கொடுத்ததில் ஒரு சிறு பங்குகூடத் தரமாட்டார். கொடைக்கானல், மூணாறு ஞாபகத்தில் இந்தியத் திட்டங்களில் சேர்ந்த நம்மவர்கள் ஒப்பந்தத்தின் ஆயுளையும் பார்க்க வேண்டும். கிளப் மகிந்திராவின் உறுப்பியம் வழக்கமாக 25 வருஷம், விற்பது அதில் மீந்த வருஷங்களை மட்டுமே.

மற்றக் கேள்விகள்:

பணம் கட்டியாகிவிட்டதே? பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடுங்கள். தீராவிட்டால், சைனாடவுனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை.

வக்கீல் வேண்டுமா? அந்த மன்றத்தில் வக்கீலுக்கு அனுமதியில்லை. மனுவை இணையம் வழியே தாக்கல் செய்யலாம்.

கடன் அட்டையில் கட்டினேன்? வங்கியை இன்றே கூப்பிடுங்கள்.

இல்லாத வாங்குபவரை இருப்பதாகச் சொன்னார்கள்? போலீசில் புகார் கொடுங்கள்.

பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவிடலாமா? பெயர் மாறும்வரை கூடாது. பாக்கியுள்ள ஒப்பந்தத்தை நிர்வாகம் மாற்றித் தராது.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது? இருவரும் கையெழுத்திட வேண்டும்.