பிரசவ அறைக்குள் என்ன நடக்கும்? ஆரணி நெசவு வீட்டுப் பெண்களுக்கு

"எனக்கு ரெண்டு நாள் வலி", "எனக்கு ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது", "எனக்குக் கத்தி வச்சுட்டாங்க." தலைப்பிள்ளைக்காரியிடம் இப்படிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வளைகாப்பு முடிவதற்குள் பாதி பயம் ஏறிவிடுகிறது. இதையெல்லாம் கேட்கலாமா? கேளுங்கள். ஆனால் திருப்பி ஒன்று கேளுங்கள்: "அப்போ உன்கூட யாரு இருந்தாங்க? என்ன செய்யப்போறோம்னு உன்கிட்ட சொன்னாங்களா?" உங்களுக்குப் பயன்படப்போவது அந்தப் பதில்தான்.

பிரசவத்துக்கு முன் வகுப்பு என்பதெல்லாம் பெரிய ஊர்க்காரர்களுக்குத்தானே? இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு திரும்பிவிடாமல், நான்கு கேள்வி கேட்டால் அதுவே உங்கள் வகுப்பு.

குழித்தறியில் உட்காரலாமா? சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் தடையில்லை. மருத்துவரிடம் "வேலைக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் வேலை, வயிற்றுக்கு எதிரே மரக்கட்டை, நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று விவரமாகச் சொல்லுங்கள். வயிறு கட்டையில் இடிக்கத் தொடங்கினால் தறியை விட்டு இறங்கும் நேரம் வந்துவிட்டது. அதுவரையிலும் மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். பாவு பாதியில் நிற்கிறதே என்று சிறுநீரை அடக்காதீர்கள். கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். தார் சுற்றுவது இலகுவான வேலைதான், ஆனாலும் உட்கார்ந்தே செய்வதால் கால் வீங்கும். சாயம் போடும் இடத்துப் பக்கம் போகவே வேண்டாம்.

தறி நின்றால் கூலி நிற்குமே? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இதற்காகத்தான். தகுதியுள்ள ஏழைக் குடும்பப் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு, 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி: 14,000 பணமாகத் தவணைகளில், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. கர்ப்பம் தெரிந்ததும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். கைத்தறி நெசவாளர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் மகப்பேறு உதவி உண்டா என்று கேளுங்கள்.

பிரசவ அறையில் தனியாகக் கிடக்க வேண்டுமா? வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை (வலி நேரம் முழுக்க உடனிருக்கும் உறவுப் பெண்) தமிழ்நாட்டில் 2004 முதலே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் இடைவிடாமல் துணை நின்றால் இயல்பாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது, அறுவை சிகிச்சை குறைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தனை மலிவான மருந்து வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளை பெற்றவராக, தொற்றுநோய் இல்லாதவராக, பதறாதவராக இருக்க வேண்டும். அம்மா அழுதுவிடுவார் என்றால் அத்தையையோ அண்ணியையோ கூப்பிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. முதுகைத் தேய்ப்பது, தண்ணீர் கொடுப்பது, நடக்க வைப்பது அவர் வேலை. செவிலியரின் வேலையில் குறுக்கிடக் கூடாது.

வலி வந்ததும் ஊசி போட்டுவிடுவார்களா? அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழ்நாட்டுப் பெண்களின் பிரசவ அனுபவங்களைக் கேட்டு 2003இல் நூலாக வெளியிட்டார். வலியைக் கூட்டும் ஊசி சர்வசாதாரணமாகப் போடப்பட்டதையும், பெண்களே அதைக் கேட்டு வாங்கியதையும் அதில் பதிந்திருக்கிறார். ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து) தேவைப்படும் நேரம் உண்டு. அவசரத்துக்காக அது போடப்படக் கூடாது. கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகு முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே "எதுக்கு ஊசி?" என்று கேட்பது வாயாடித்தனம் ஆகாது.

அறுவை சிகிச்சைக்கும் அதே கேள்விதான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதமும் தனியாரில் ஏறத்தாழ 64 சதவீதமும் அறுவை சிகிச்சை. தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் தயங்காமல் சம்மதியுங்கள். "நல்ல நேரம்" பார்த்து நாள் குறிப்பதற்காக மட்டும் வேண்டாம்.

எப்போது கிளம்புவது? வலி வந்து வந்து போய், ஓய்வெடுத்ததும் அடங்கினால் அது பொய்வலி. இடைவெளி குறைந்துகொண்டே வந்து வலுத்தால் கிளம்புங்கள். பனிக்குடம் உடைதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு என்றால் எந்த மாதமானாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். சிக்கல் என்றால் ஆரணியிலிருந்து வேலூர் அடுக்கம்பாறை மருத்துவமனைக்கோ திருவண்ணாமலை மருத்துவமனைக்கோ அனுப்பலாம். அப்போது கூட வருபவர் யார், வீட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை துணைக்கு நிற்கப்போகும் பெண்ணையும் கூட்டிப்போய்ச் செவிலியரிடம் அறிமுகம் செய்துவிடுங்கள்.